கம்பளியில் தங்கிய நஞ்சு

2017 டிசம்பர் 18ஆம் திகதி முதல் இலங்கைத் தேயிலையை இறக்குமதி செய்வதை ரஷ்யா நிறுத்தியது. தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு இருந்தது என்பது காரணம். வளர்ந்த வண்டின் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதன் புழு உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுவர் வெடிப்பில் உயிரோடு கிடக்கும். டிசம்பர் முடிவதற்குள் தடை நீங்கியது. அந்த இரண்டு வாரமும் இலங்கை மலைநாட்டின் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களில் பேச்செல்லாம் அந்த வண்டைப் பற்றித்தான்.

கப்ரா வண்டு டெர்மெஸ்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்பள வண்டும் அருங்காட்சியக வண்டும் அதே குடும்பம். அருங்காட்சியக வண்டை 1761இல் வகைப்படுத்திப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் கார்ல் லின்னேயஸ். கப்ரா வண்டுக்குத் தானியம் உணவு. மற்ற இரண்டின் புழுக்களுக்குக் கெரட்டின் உணவு. கெரட்டின் என்பது முடி, நகம், இறகு, கம்பளி ஆகியவற்றை ஆக்கும் புரதம். அதைச் செரிக்கக்கூடிய உயிர்கள் மிகச் சில.

பழைய இராணுவச் சீருடையில் பெரும்பகுதி கெரட்டின்தான். கம்பளி மேற்சட்டை, முயல் மயிரில் செய்த ஃபெல்ட் தொப்பி, இறகுக் குஞ்சம், கரடித் தோல் தொப்பி எல்லாம் புழுவுக்கு உணவு. கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் சல்லடையாகும். ஆகவே நூறு ஆண்டு பழைய கம்பளிச் சட்டை ஒன்று ஓட்டையில்லாமல் கைக்கு வந்தால், முதலில் எழ வேண்டிய கேள்வி அதை யார் அணிந்தார் என்பதல்ல. புழு அதை ஏன் விட்டுவைத்தது என்பதுதான்.

சீருடையைப் பாதுகாத்துச் சேகரிக்கும் வழக்கத்துக்குச் சுவீடனில் வயது அதிகம். 1628இல் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப், போலந்துப் போரில் தாம் காயப்பட்டபோது அணிந்திருந்த உடைகளை நினைவாக வைத்துக் காக்கும்படி கட்டளையிட்டார். ஸ்டாக்ஹோமின் அரச ஆயுதக்கூடம் அந்தக் கட்டளையிலிருந்து பிறந்தது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் அதுவே. 1718இல் ஃபிரெட்ரிக்ஸ்தென் கோட்டை முற்றுகையில் சுடப்பட்டு இறந்த பன்னிரண்டாம் கார்ல் மன்னரின் நீலச் சீருடையும் குண்டு துளைத்த தொப்பியும் இன்றும் அங்கே இருக்கின்றன. பதுங்குகுழியின் மண் உடையில் அப்படியே ஒட்டியிருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் சுவீடன் சுமார் 8 லட்சம் பேரைப் போருக்குத் திரட்டக்கூடிய அளவுக்குக் களஞ்சியங்களை நிரப்பி வைத்திருந்தது. 2000, 2004 ஆம் ஆண்டுகளின் பாதுகாப்புத் தீர்மானங்களுக்குப் பிறகு படைப்பிரிவுகள் வரிசையாக மூடப்பட்டன. சாம்பல் நிறக் கம்பளிச் சீருடைகள் மிகைச் சரக்காக உலகெங்கும் உள்ள சேகரிப்போரிடம் போய்ச் சேர்ந்தன.

மலைநாட்டுக்கும் ஒரு படை இருந்தது. இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே அதில் சேரலாம். 1914 அக்டோபரில் அதிலிருந்து 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கொழும்பில் கப்பலேறினார்கள். சூயஸ் கால்வாயைக் காத்தார்கள். பின்னர் கலிப்பொலிக்குப் போனார்கள். 1949இல் படை கலைக்கப்பட்டது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் கிளம்பினார்கள். இந்தப் படையின் தொப்பி, பட்டன், இடைவார், சட்டை எதுவானாலும் இன்று சேகரிப்போர் தேடும் பொருள்.

அந்தச் சீருடையை அணிந்தவர் துரை. துவைத்ததும், தேய்த்ததும், அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கியதும் பங்களா வேலையாட்கள். இன்று ஒரு பெட்டியைத் திறந்து உதறினாலும் உதறும் கை பெரும்பாலும் அவர்கள் வாழ்ந்த லயத்திலிருந்துதான், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பிலிருந்துதான், வரும்.

புழு விட்டுவைத்த காரணம் பல வேளைகளில் நஞ்சு. அதற்குக் கால வரிசை உண்டு.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளர் ஜான்-பாப்டிஸ்ட் பெக்கோர் பறவைத் தோல்களைப் பதப்படுத்த ஆர்சனிக் கலந்த சவர்க்காரம் ஒன்றை உருவாக்கினார். ஆர்சனிக் நம் ஊரில் பாஷாணம் எனப்படுவது. அவர் இறந்த பிறகு செய்முறை வெளியானது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் தோலுக்கும் மயிருக்கும் இறகுக்கும் அதைப் பூசின. துணிக்கும் கம்பளிக்கும் பாதரசக் குளோரைடு கரைசலைத் தெளித்தன. சித்த மருத்துவத்தில் வீரம் என்ற பெயரில் வரும் சரக்கு அதுதான். இரண்டுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. இவற்றின் நஞ்சு தனிமத்திலேயே இருக்கிறது. காலம் அவற்றை வேறு சேர்மங்களாக மாற்றலாம். ஆர்சனிக் ஆர்சனிக்காகவே இருக்கும், பாதரசம் பாதரசமாகவே இருக்கும். 1880இல் பூசியது இன்றும் அங்கே உண்டு.

நஞ்சு எப்போதும் வெளியிலிருந்து பூசப்பட்டதுமல்ல. சுவீடனின் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷேலே 1775இல் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை நிறமியைச் செய்தார். மலிவு, பளிச்சென்ற நிறம். அடுத்த நூற்றாண்டில் சுவர்த்தாள், செயற்கைப் பூ, துணி என்று எங்கும் பரவியது. ஷேலே 1786இல் 43 வயதில் இறந்தார். தாம் ஆராய்ந்த சேர்மங்களைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஃபெல்ட் தொப்பி செய்யும்போது மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளப் பாதரச நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைப்பார்கள். தொப்பித் தொழிலாளரின் கை நடுக்கமும் மனக்குழப்பமும் 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டவை. அமெரிக்காவில் அந்த முறை 1941 வரை நடந்தது. பழைய தொப்பிகளைச் சோதித்த அருங்காட்சியகங்கள் ஃபெல்ட்டில் பாதரசத்தை இன்னும் காண்கின்றன.

1939இல் சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் டி.டி.டி. பூச்சிகளைக் கொல்வதைக் கண்டறிந்தார். 1943 முடிவில் நேப்பிள்ஸ் நகரில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் பரவியது. நேச நாட்டுப் படைகள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீது டி.டி.டி. பொடியைத் தூவின. படைவீரரின் சட்டைகளையும் அதில் ஊறவைத்தார்கள். 1948இல் முல்லருக்கு நோபல் பரிசு கொடுத்தது ஸ்டாக்ஹோம். 1970இல் டி.டி.டி.யை முதன்முதலில் கட்டுப்படுத்திய நாடுகளில் சுவீடனும் ஒன்று. இடைப்பட்ட காலத்தில் அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்புகளும் ஆர்சனிக்கை விட்டு டி.டி.டி.க்கும் லிண்டேன் என்னும் இன்னொரு பூச்சிக்கொல்லிக்கும் மாறின. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களில் லிண்டேனைச் சேர்த்தது. டி.டி.டி.யை அதற்கு அடுத்த வகுப்பில், உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் வைத்தது. திறந்த நிலத்திலேயே டி.டி.டி. பாதியாகக் குறைய 2 முதல் 15 ஆண்டுகள் ஆகும். வெயிலும் மழையும் மண்ணுயிர்களும் தீண்டாத மூடிய பெட்டிக்குள் அது இன்னும் மெதுவாகவே குறையும்.

எல்லாச் சீருடையும் நஞ்சல்ல. களஞ்சியத்தில் கட்டுக்கட்டாக அடுக்கி, யாரும் அணியாமல் விற்பனைக்கு வந்த 1960களின் காற்சட்டையில் ஆபத்துக்கான வாய்ப்பு குறைவு. பழசாக ஆக, கைமாறி வரவர, ஒரு காலத்தில் அருங்காட்சியகத்தில் இருந்திருந்தால் வாய்ப்பு கூடும். இறகு, மயிர், தோல் உள்ளவற்றில் இன்னும் கூடும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதுதான் சிக்கல்.

பார்க்கக்கூடியவை சில உண்டு. சட்டையின் கழுத்துப் பட்டையை மெல்லத் திருப்பினால், தையல் மடிப்புக்குள் வெள்ளைப் பொடி கோடாக ஒதுங்கியிருக்கலாம். அது உப்புப் பூத்தது போலத் தெரியும். ஆர்சனிக்காக இருக்கலாம், டி.டி.டி. படிகமாக இருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். அக்குள் தையலில் பழுப்பு நிறத்தில் உரோமம் நிறைந்த சிறு கூடுகள் கிடந்தால் அவை வண்டுப் புழு உரித்த தோல். கூடு மட்டும் இருந்து கம்பளியில் ஓட்டை இல்லையென்றால், புழு வந்தது, தின்னப் பார்த்தது, செத்தது என்று பொருள் கொள்ள இடமுண்டு. பித்தளைப் பட்டனுக்கும் தோல் வாருக்கும் இடையே பிசுபிசுப்பான பச்சைக் களிம்பு திரண்டிருக்கும். அது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்தது. நகத்தால் சுரண்டத் தூண்டும். சுரண்டிய நகம் அடுத்துப் போவது வாய்க்கு அருகில்.

நோர்வூட்டில் பிரச்சினை இன்னொரு படி ஏறுகிறது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழமை. 70 சதவீதத்துக்கு மேல் போனாலே கம்பளியிலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணம் துணியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1890களில் இத்தாலிய மருத்துவர் பர்த்தலோமியோ கோசியோ ஒன்றைக் காட்டினார். ஆர்சனிக் நிறமி உள்ள பொருள் ஈரமாகி அதில் சில வகைப் பூஞ்சணம் வளர்ந்தால், பூண்டு வாசனையுள்ள ஒரு வாயு வெளிவரும். 1930களில் ஆங்கிலேய வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாலெஞ்சர் அது டிரைமெத்தில் ஆர்சின் என்று உறுதிப்படுத்தினார். ஓர் அறையில் சேரும் அளவு எவ்வளவு கேடு செய்யும் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. வாயு வெளிவருகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஈரத்தைக் கண்டால் வீட்டில் செய்வது மூன்று. வெயில் வந்த நாளில் வெளியே உதறிக் காயப்போடுவார்கள். தூரிகையால் தட்டித் துடைப்பார்கள். அந்துருண்டை போட்டு மறுபடி மூடுவார்கள்.

உதறும்போது மடிப்பில் நூறு ஆண்டு உறங்கிய பொடி காற்றில் எழும். ஆர்சனிக் டிரையொக்சைட்டின் உயிர்கொல்லும் அளவு பெரியவர் ஒருவருக்கு 70 முதல் 200 மில்லிகிராம் என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. ஒரு சட்டையை ஒரு முறை உதறியவர் அவ்வளவை விழுங்கப் போவதில்லை. வாரந்தோறும் ஒரு சேகரிப்பைத் தட்டித் துடைப்பவரின் கணக்கு வேறு. சிறு அளவில் நீண்ட காலம் உடலில் சேரும் ஆர்சனிக், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும்.

ஆர்சனிக் பாதிப்பின் தொடக்க அடையாளங்கள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தெரியும். தோல் தடிக்கும். மரு போன்ற சிறு முடிச்சுகள் எழும். விரல் நுனி மரத்துப் போகும். தோலில் கருமை படரும். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த கிணற்று நீர் குடித்தவர்களை மருத்துவர்கள் கையைப் பார்த்தே இனம் கண்டார்கள். கொழுந்து பறித்த கை அப்படிப் பார்த்ததும் தெரியும் கையல்ல. அது முன்பே காய்த்திருக்கும். விரல் கீறல்களில் தேயிலைக் கறை கறுத்து ஊறியிருக்கும். பகலில் மலையில் கொழுந்து எடுத்து, மாலையில் பங்களாவில் துடைத்துத் தேய்க்கும் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் நோய் எழுதும் எழுத்தை, அவளோ வைத்தியரோ அத்தனை எளிதில் பிரித்துப் படிக்க முடியாது.

அந்துருண்டைக்கும் தனிக் கணக்கு உண்டு. அது நாப்தலீன். சாதாரண வெப்பத்திலேயே திண்மத்திலிருந்து நேராக ஆவியாகும். ஜி6பிடி என்பது சிவப்பணுவைச் சிதையாமல் காக்கும் நொதி. அது குறைவாக உள்ளவருக்கு நாப்தலீன் ஆவி பட்டால் சிவப்பணுக்கள் உடையும். குறைபாடு ஆண் குழந்தைகளுக்குத் தாய்வழி வருவது, அவர்களையே அதிகம் தாக்குவது. மலேரியா நீண்ட காலம் இருந்த நாடுகளில் கூடுதலாகக் காணப்படும். இலங்கையும் தென்னிந்தியாவும் அவற்றில் சேர்ந்தவை. 1963இல் கிரேக்க மருத்துவர்கள், அந்துருண்டை போட்டு வைத்த துணியின் ஆவியைச் சுவாசித்த பச்சிளம் குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலையும் மூளைப் பாதிப்பும் வந்ததைப் பதிவு செய்தார்கள். பத்தடி லய அறையில் பெட்டியும் தொட்டிலும் ஒரே காற்றைத்தான் பகிர்கின்றன.

சீருடையோடு வரும் பொருட்களையும் விட்டுவிட முடியாது. முதலாவது, இருட்டில் ஒளிரும் கைக்கடிகாரம், திசைகாட்டி. முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ஒளிரச் செய்யும் துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் தேய்ந்துவிடும். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒளிராத கடிகாரம் கதிரியக்கம் ஓய்ந்த கடிகாரமல்ல. எண்கள் பழுப்பேறி, கண்ணாடிக்கு உள்ளே சாயம் பொடிந்து கிடப்பது ஓர் அடையாளம். ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு உண்டாகும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அதுவே. 2018இல் பிரித்தானியாவின் நார்தம்பிரியா, கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பழைய கடிகாரங்களைக் காற்றோட்டமில்லாத அறையில் வைத்து அளந்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட வரம்பைப் போல் 134 மடங்கு ரேடான் இருந்தது. மழைக்கும் குளிருக்கும் ஜன்னலை அடைத்து வைப்பது மலைநாட்டு வழக்கம்.

இரண்டாவது, நச்சுவாயு முகமூடி. 1939 செப்டம்பருக்குள் பிரித்தானியா சுமார் 3 கோடியே 80 லட்சம் முகமூடிகளைப் பொதுமக்களுக்கு வழங்கியிருந்தது. பல வகைகளின் வடிகட்டியில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. இராணுவ முகமூடிகள் சிலவற்றில் மிகக் கொடிய நீல வகை. அந்த வடிகட்டிகளைச் செய்த தொழிற்சாலைப் பெண்கள் பலர், 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து மீசோதீலியோமாவால் இறந்தார்கள். அது நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். 2014இல் பிரித்தானியச் சுகாதார, பாதுகாப்பு அதிகாரிகள், வரலாற்றுப் பாடத்துக்காகப் பிள்ளைகள் பழைய முகமூடியை மாட்டிப் பார்க்கக் கூடாது என்று பள்ளிகளை எச்சரித்தார்கள்.

அஸ்பெஸ்டஸ் பற்றி மலைநாடு அறிய வேண்டிய இன்னொன்று: அதன் இறக்குமதியை 2018 ஜனவரி 1 முதல் கட்டுப்படுத்த இலங்கை அரசு முடிவெடுத்திருந்தது. ரஷ்யா தேயிலையும் வாங்குகிறது, அஸ்பெஸ்டஸும் விற்கிறது. வண்டு கிடைத்த அதே டிசம்பரில் அஸ்பெஸ்டஸ் முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

நஞ்சு பூசிய பொருள் வாழும் வீட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1990இல் அமெரிக்கா, அருங்காட்சியகங்களில் இருந்த பூர்வகுடிகளின் புனிதப் பொருட்களைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் செய்தது. அரிசோனாவின் ஹோபி மக்களுக்கு அவர்களுடைய பொருட்கள் திரும்பி வந்தன. அவை காட்சிப் பொருட்களல்ல, சடங்கில் பயன்படுபவை. சோதித்தபோது ஆர்சனிக் இருந்தது. அதற்குள் சில வீடுகளுக்குப் போய்விட்டன. கொடுத்தவர்களின் பதிவேடுகளில் எப்போது, எதை, எவ்வளவு பூசினார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. மலைநாட்டிலும் பழம்பொருளுக்கு இப்போது மதிப்பு வந்திருக்கிறது. ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய லய அறைகளில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் தொடங்கப்பட்டது. அது மிக நல்ல வேலை. தொழிலாளியின் கம்பளியும் கூடையும் சீருடைக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டியவை. நோர்வூட்டில் நாளை ஒரு பாடசாலையோ வாசிகசாலையோ இப்படி ஓர் அறையை அமைத்தால், பொருட்களைத் தூக்கி அடுக்கப் போவது மாணவர்கள்.

துவைத்தால் போய்விடும் என்ற எண்ணமும் உண்டு. ஆர்சனிக்கும் பாதரசக் குளோரைடும் ஓரளவு நீரில் கரையும். ஆகவே ஒரு பகுதி துணியை விட்டுப் போகும். போகுமிடம் துவைத்தவரின் கையும் வாளியும் வடிகால் கானும். நோர்வூட்டின் கான்கள் கெசல்கமு ஓயாவில் விழுகின்றன. அது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து களனி கங்கைக்கும் போகிறது. களனியிலிருந்து அம்பத்தலையில் எடுக்கும் நீரைக் கொழும்பு குடிக்கிறது. ஒரு சட்டையின் நஞ்சு அவ்வளவு தூரத்தில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். கானுக்கு இருபது அடி கீழே உள்ள கீரைப் பாத்திக்கு அந்தத் தூரம் இல்லை.

செய்யக்கூடியது இருக்கிறது. எக்ஸ்-கதிர் ஒளிர்வு மானி என்று ஒரு கைக்கருவி உண்டு. பொருளின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, திரும்பும் கதிரை வைத்து எந்தத் தனிமம் உள்ளது என்று சில நிமிடங்களில் சொல்லும். ஆர்சனிக், பாதரசம், ஈயம் மூன்றையும் காட்டும். டி.டி.டி.யைக் காட்டாது, அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். சோதனை முடியும் வரை பொருளை உதறாமல், அணியாமல், கையுறையோடு எடுத்து, தடித்த பொலித்தீன் உறையில் மூடி, மேலே விவரம் எழுதி, சமையலறைக்கும் படுக்கைக்கும் தள்ளி வைப்பதுதான் அருங்காட்சியகங்களின் நடைமுறை. புழு இருந்தால் உறையோடு உறைபெட்டியில், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸில், இரண்டு வாரம் வைக்கிறார்கள். முட்டையும் புழுவும் சாகும். பழைய நஞ்சு அப்படியே இருக்கும். முகமூடியின் வடிகட்டியைத் திறப்பதில்லை. ஒளிரும் சாயம் பூசிய கடிகாரத்தின் மூடியைக் கழற்றுவதில்லை.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. நச்சு பற்றிய ஐயங்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் மையம் இருக்கிறது. உடலுக்குள் போன ஆர்சனிக் சிறுநீரில் சில நாட்கள் மட்டுமே தெரியும். முடியிலும் நகத்திலும் சில மாதங்கள் வரை அளக்கலாம். இந்தச் சோதனைகள் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் சேர்ந்தவையல்ல. வைத்தியர் தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள். வயிற்றுக் கோளாறும் கை மரத்துப் போதலும் மட்டும் சொன்னால், அவர் அதைக் கேட்கக் காரணம் இல்லை. நோயாளி பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு, பெட்டியில் என்ன இருந்தது என்று அவரிடம் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.